உப்பு டப்பாவும் ஆர்ச் லினக்ஸும்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான்கு வருஷம் ஓட்டிவிட்டு, சைதாப்பேட்டையில் தனி ரூம் எடுத்துப் போனேன். மெஸ் சாப்பாடு அலுத்துவிட்டது, இனி நம் கையால்தான் சமையல் என்று முடிவு. அடுப்பு, குக்கர், அரிசி, பருப்பு, தக்காளி எல்லாம் வாங்கியாயிற்று. முதல் நாள் இரவு பத்து மணிக்கு சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் உப்பு இல்லை. தெருமுனைக் கடையும் மூடியாயிற்று. மெஸ்ஸில் சாப்பிட்ட அத்தனை நாளில் உப்பைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை. யாரோ வாங்கினார்கள், யாரோ போட்டார்கள்.

போன மாதம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த வேளச்சேரித் தம்பி வந்து, "அண்ணா, உபுண்டு போர் அடிக்குதுண்ணா. ஆர்ச் போடலாம்னு இருக்கேன். சனிக்கிழமை உக்காந்தா முடிஞ்சிடுமா?" என்று கேட்டான். உபுண்டு, ஆர்ச் இரண்டுமே விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் லினக்ஸின் வகைகள்.

முடிந்துவிடும். கொஞ்சம் பழகியவருக்கு ஒரு மணி நேர வேலைதான். ஆனால் எனக்கு அந்த உப்பு ஞாபகம் வந்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், "நீயே செய்துகொள்" வகை டிஸ்ட்ரோ என்றால் என்ன? லினக்ஸ் என்பது கண்டிப்பாகப் பார்த்தால் கெர்னல் மட்டும்தான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அதைத்தான். வன்பொருளோடு பேசுவது, நினைவகத்தைப் பங்கிடுவது போன்ற அடித்தள வேலைகளை அது பார்க்கும். திரையில் ஜன்னல், வைஃபை பட்டியல், எழுத்துரு, ஒலி, பிரிண்டர் என்று நாம் கம்ப்யூட்டர் என நினைக்கும் மற்ற எல்லாமே வேறு வேறு ஆட்கள் எழுதிய தனித்தனி மென்பொருள்கள். அவற்றைப் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மூட்டையாகக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ. உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாம் முழு மூட்டை. தமிழ்நாட்டில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, அதுவும் இந்த வகைதான். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் குழு, டெபியன் என்ற டிஸ்ட்ரோவை அடிப்படையாக வைத்துச் செய்தது. நம்மில் பலர் லினக்ஸை முதலில் பார்த்ததே அதில்தான். பார்த்த கையோடு விண்டோஸுக்குத் திரும்பிப் போனவர்கள்தான் அதிகம் என்பது வேறு கதை.

இன்னொரு வகை, மூட்டை கட்டாமல் கடையைத் திறந்துவிட்டு "வேண்டியதை எடுத்துக்கோ" என்று சொல்வது. கனடாக்காரரான ஜட் வினெட் 2002-இல் வெளியிட்ட ஆர்ச் லினக்ஸ் இதில் பிரபலம். மென்பொருளை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் ஜென்டூ இருக்கிறது. 1993 முதல் இன்றுவரை உயிரோடிருக்கும் ஸ்லாக்வேர், சிறிய வாய்ட் ஆகியவையும் உண்டு. ஜென்டூ பற்றி ஒரு வார்த்தை: பிரவுசர் போன்ற பெரிய மென்பொருளைத் தொகுக்க மணிக்கணக்கில் புராசசர் முழு வேகத்தில் ஓடவேண்டும். அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத ரூமில், லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள். தோசைக்கல் தேவைப்படாது. 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே தயார்நிலைத் தொகுப்புகளையும் பெரிய அளவில் தருகிறது என்பதால் இப்போது கொஞ்சம் பரவாயில்லை. இந்தக் கட்டுரையில் ஆர்ச்சையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஆர்ச் வேகமானது என்று சொல்பவர்களை நம்பி மாறாதீர்கள். அதே டெஸ்க்டாப்பை (திரையில் ஜன்னலும் மெனுவும் காட்டும் மென்பொருளை) உபுண்டு, ஆர்ச் இரண்டிலும் போட்டால் அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆர்ச் கஷ்டமானது என்பதும் அரைகுறை உண்மைதான். முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஆர்ச்சின் அடிப்படைத் தொகுப்பு, கெர்னல், அதை எழுப்பும் பூட்லோடர் ஆகியவற்றை மட்டும் போட்டு மறுபடி பூட் செய்தால் கறுப்புத் திரையில் "லாகின்" என்ற ஒரு சொல் வரும். மவுஸ் அம்புக்குறி இல்லை, பிரவுசர் இல்லை. வைஃபையில் சேர்க்க ஆளில்லை. ஒரு கோப்பைத் திறந்து திருத்த எடிட்டர்கூட இல்லை. நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு வேலையைச் செய்ய உதவும் சூடோ கட்டளையே இல்லை. ஒன்றும் பழுதாகவில்லை, நீங்கள் கேட்காததால் அவர்கள் போடவில்லை.

இங்கேதான் பலருக்கு முதல் அடி விழுகிறது, எனக்கும் விழுந்தது. ஆர்ச்சின் லைவ் பென்டிரைவில் (எதையும் நிறுவாமலே கணினியை எழுப்பும் பென்டிரைவில்) பூட் செய்தால் வைஃபைக்கான கருவி உள்ளேயே இருக்கும். ஐடபிள்யூசிடிஎல் என்று தட்டி, கடவுச்சொல் கொடுத்து, இணையத்தில் சேர்ந்து, தொகுப்புகளை இறக்கி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பென்டிரைவைப் பிடுங்கி ரீபூட் செய்வோம். நெட் இருக்காது. பென்டிரைவில் இருந்த கருவி பென்டிரைவோடு போய்விட்டது. புது சிஸ்டத்துக்குள் நெட்வொர்க்மேனேஜர் போன்ற ஒன்றை நாம் போடவில்லை. அதை இறக்கிப் போடலாம் என்றால் நெட் வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு இந்த வட்டத்துக்குள் மாட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மறுபடி பென்டிரைவில் பூட் செய்து, உள்ளே புகுந்து, போட்டுவிட்டு வரவேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, மாறுவதற்குத் தயாராவது என்றால் கட்டளைகளை மனப்பாடம் செய்வது இல்லை. இப்போதைய கணினி சத்தமில்லாமல் உங்களுக்கு என்னென்ன செய்து தருகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு வழி: ஒரு வாரம் பக்கத்தில் சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் என்ன செய்தாலும் ஒரு வரி எழுதுங்கள். லேப்டாப்பை மூடினேன், தூங்கியது. பிரைட்னஸ் பட்டனை அழுத்தினேன், வேலை செய்தது. ப்ளூடூத் ஹெட்செட் சேர்ந்தது. மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்தேன். ஆதார் நகலை பிரிண்ட் எடுத்தேன். போனிலிருந்து படங்களை இறக்கினேன். தம்பியும் எழுதினான். ஐந்து நாளில் முப்பத்தெட்டு வரி வந்தது. "இவ்ளோ வேலை செய்யுதாண்ணா இது?" என்றான்.

அந்த ஒவ்வொரு வரிக்கும் ஆர்ச்சில் ஒரு தொகுப்பின் பெயர் இருக்கும். ஒலிக்கு பைப்வயர், பிரிண்டருக்கு கப்ஸ், ப்ளூடூத்துக்கு ப்ளூஇசட். ஸ்கிரீன் ஷேருக்கு, திரையில் படம் வரைந்து காட்டும் புது முறையான வேலேண்ட் பயன்படுத்தினால், பைப்வயரோடு டெஸ்க்டாப் போர்ட்டல் என்று ஒன்று கூடுதலாக வேண்டும். ஆர்ச்சின் விக்கியில் எல்லாமே இருக்கிறது. லினக்ஸ் உலகத்திலேயே இதைவிட நல்ல ஆவணம் கிடையாது என்பது என் கருத்து. வேறு டிஸ்ட்ரோ வைத்திருப்பவர்களும் அங்கேதான் போய்ப் பார்க்கிறார்கள்.

நமக்கே உரிய ஒரு வரியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்: தமிழ். டெஸ்க்டாப் போட்டு, பிரவுசரும் போட்டு, ஆசையாக ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். உபுண்டுவில் அது ஏற்கனவே இருந்தது, அதனால் எழுத்துரு என்று ஒரு சமாசாரம் உண்டு என்பதே தெரியாமல் போய்விட்டது. நோட்டோ-ஃபான்ட்ஸ் என்ற தொகுப்பைப் போட்டு பிரவுசரை மூடித் திறந்தால் கட்டங்கள் எழுத்தாகும். படிக்க ஆயிற்று, தட்டச்சு செய்ய? அது தனி. ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுச் சட்டகம் ஒன்று, அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இதைப் போட்ட பிறகும், எந்தச் சட்டகத்தைப் பயன்படுத்தவேண்டும் என்று டெஸ்க்டாப்புக்குச் சொல்ல ஓரிரு அமைப்புகள் செய்யவேண்டும். சில சமயம் எல்லா இடத்திலும் தமிழ் விழும், ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் விழாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டிப் பிறந்த விசைப்பலகை, இங்கேயே இருக்கும் என் லேப்டாப்புக்கு வந்து சேர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

நோட்டில் எழுதிய வரிகளில் சிலவற்றுக்கு லினக்ஸில் பதிலே இல்லாமல் போகலாம். ராயப்பேட்டைப் பக்கம் அச்சக வேலை செய்பவர், பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்து அழைப்பிதழ் போடுகிறார் என்றால், அவர் பிழைப்பை அதிலேயே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆடிட்டர் ஆபீசில் டிஜிட்டல் கையொப்பத்துக்கு யுஎஸ்பி டோக்கன் செருகுபவரும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். அப்படி ஒரு வரி இருந்தால் விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது வன்பொருள். இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஆர்ச்சின் ஐஎஸ்ஓ (பென்டிரைவில் எழுதவேண்டிய நிறுவல் கோப்பு) ஒன்றரை ஜிபி அளவுக்கு வரும், மாதம் ஒன்று புதிதாக வரும். அதை இறக்கி, சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, பென்டிரைவில் எழுதி, பூட் செய்து மட்டும் பாருங்கள். எதையும் நிறுவவேண்டாம். வைஃபை கிடைக்கிறதா? டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிறதா? இன்டெல் வைஃபை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. பிராட்காம் என்றால் தனி டிரைவர் தேவைப்படலாம். டிஸ்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) ரெய்டு அல்லது விஎம்டி என்ற டிஸ்க் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். வைஃபை மக்கர் செய்தால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் அப்படியே நெட் வந்துவிடும். இந்த ஒரு தந்திரம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. 32-பிட் கணினி என்றால் ஆர்ச்சை மறந்துவிடுங்கள், 2017-லேயே அதை நிறுத்திவிட்டார்கள்.

விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பிலேயே பக்கத்தில் போடுவதாக இருந்தால் விண்டோஸுக்குள் இருக்கும்போதே சில வேலைகள் உண்டு. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்பில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவியை காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனை (டிஸ்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை) லினக்ஸிலிருந்து தொட்டால் கோப்புகள் கெட வாய்ப்புண்டு. ஆர்ச்சின் ஐஎஸ்ஓ, கையொப்பமிட்ட சிஸ்டத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டோடு ஒத்துப்போகாது, பயாஸில் அதை அணைக்கவேண்டும். பிட்லாக்கர் சாவியை முதலில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், செக்யூர் பூட்டை மாற்றினால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். அப்புறம், விண்டோஸ் போடும் பூட் பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும். ஆர்ச் கெர்னலையும் அதிலேயே வைக்க நினைத்தால் நிரம்பி வழியும். ஒரு ஜிபி இருந்தால் நிம்மதி.

இத்தனை தலைவலியும் வேண்டாம் என்றால் நான் தம்பிக்குச் சொன்ன யோசனைதான் சிறந்தது. ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கு. லேப்டாப்பில் இருக்கும் பழைய டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றி பீரோவில் வை. புது டிஸ்கில் என்ன கூத்து வேண்டுமானாலும் அடி. எல்லாம் நாசமானால் பழையதைத் திரும்ப மாட்டு, ஐந்து நிமிஷ வேலை. இதைவிடப் பத்திரமான திரும்பும் வழி எனக்குத் தெரியாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தபின் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, அதிலேயே பழகலாம். பென்டிரைவை மட்டும் பார்த்து வாங்குங்கள். பிளாட்பாரத்தில் ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன், மேலே 64 ஜிபி என்று அச்சடித்திருந்தது, எழுதியதைத் திரும்பப் படிக்க வரவில்லை.

எப்படிச் செய்தாலும் கோப்புகளின் நகல் வேறொரு டிஸ்கில் இருக்கவேண்டும். நகல் எடுத்தேன் என்பது போதாது. அதிலிருந்து பத்து படங்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல்.

இனி ஒத்திகை. கணினிக்குள்ளேயே இன்னொரு பொய்க் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் மூன்று முறை ஆர்ச்சை நிறுவுங்கள். முதல்முறை விக்கியைப் பார்த்து வரிவரியாக: டிஸ்கைப் பிரிப்பது, ஃபார்மேட் செய்வது, இணைப்பது, அடிப்படைத் தொகுப்பை இறக்குவது, நேரம், மொழி, கடவுச்சொல், பூட்லோடர். போகும்போதே உங்கள் நோட்டில் உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள். இரண்டாம் முறை விக்கியை மூடிவிட்டு நோட்டை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். எங்கே மாட்டுகிறீர்களோ அங்கே நோட்டில் ஓட்டை இருக்கிறது.

மூன்றாம் முறைதான் முக்கியம், அதைத்தான் யாரும் செய்வதில்லை. நன்றாக ஓடும் அந்த சிஸ்டத்தை வேண்டுமென்றே உடையுங்கள். ஆர்ச்சில் மென்பொருளைப் போடவும் நீக்கவும் உதவும் பேக்மேன் கட்டளையால் கெர்னலையே நீக்குங்கள். ரீபூட் செய்தால் எழுந்திருக்காது. இப்போது ஐஎஸ்ஓவில் பூட் செய்து, உங்கள் பார்ட்டிஷன்களை இணைத்து, ஆர்ச்-சிரூட் என்ற கட்டளையால் அந்தச் செத்த சிஸ்டத்துக்குள் புகவேண்டும். சாவி தொலைந்த வீட்டுக்குள் மொட்டை மாடி வழியாக இறங்குவது மாதிரி. உள்ளே போய் கெர்னலை மறுபடி நிறுவி, வெளியே வந்து, ரீபூட் செய்தால் எழுந்து உட்காரும். முன்னால் சொன்ன வைஃபை கதைக்கும் இதே வழிதான் மருந்து. தம்பி இதைச் செய்துவிட்டு அடுத்த நாள் காலை டீக்கடையில், "செத்தது பொழச்சிடுச்சுண்ணா" என்றான். அன்றைக்குத்தான் அவன் தயார் என்று எனக்குத் தோன்றியது.

ஒத்திகையில் ஒரு கள்ளத்தனம் இருப்பதையும் சொல்லிவிடவேண்டும். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் நெட் எப்போதும் கம்பி இணைப்பு மாதிரியே தெரியும். வைஃபை, ப்ளூடூத், மூடினால் தூங்குவது, கிராஃபிக்ஸ் டிரைவர் எதுவும் அங்கே ஒத்திகை ஆவதில்லை. அதனால்தான் லைவ் பென்டிரைவில் நிஜ லேப்டாப்பை எழுப்பிப் பார்க்கச் சொன்னேன்.

2021 முதல் ஆர்ச்சின் ஐஎஸ்ஓவிலேயே ஆர்ச்இன்ஸ்டால் என்ற ஒரு நிறுவல் உதவி வருகிறது. கேள்வி கேட்கும், பதில் சொன்னால் அதுவே போட்டுவிடும். அதைத் தொட்டால் நீ ஆர்ச்காரன் இல்லை என்று சிலர் பேசுவது வெட்டி ஜம்பம். தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஒருமுறை கையால் செய்தபிறகு. பழுது பார்க்கும்போது தேவைப்படுவது அதே படிகள்தான்.

போட்டபிறகு எப்படி வாழ்வது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் ஆர்ச்சில் பதிப்பு எண் கிடையாது. உபுண்டுவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும், நடுவில் சின்னச் சின்னத் திருத்தங்கள். ஆர்ச்சில் புதுசு வரவர வந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை பேக்மேன் -எஸ்ஒய்யூ என்று கொடுத்து மொத்தமாகப் புதுப்பிக்கவேண்டும். ஒரு மென்பொருளை மட்டும் புதுப்பித்து மற்றதைப் பழசாக விடுவதை அவர்கள் ஆதரிப்பதில்லை, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் உடையும். ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து ஒரு நாள் புதுப்பித்தால் தொகுப்புகளைச் சரிபார்க்கும் கையொப்பச் சாவிகளே பழசாகிப்போய் முரண்டு பிடிக்கும். புதுப்பிக்கும் முன் ஆர்ச்சின் முகப்புப் பக்கச் செய்தியை ஒரு பார்வை பாருங்கள், கையால் செய்யவேண்டியது ஏதும் இருந்தால் அங்கே போட்டிருப்பார்கள். ஒரு புதுப்பிப்பு சில நூறு எம்பியும் ஆகும், ஒன்றிரண்டு ஜிபியும் ஆகும். போன் ஹாட்ஸ்பாட்டில், தினசரி டேட்டா கணக்கில் வாழ்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் முன்பு புதுப்பிக்காதீர்கள். கூடவே எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) கெர்னல் ஒன்றையும் போட்டு வையுங்கள், புது கெர்னல் காலை வாரினால் பழையதில் எழுந்திருக்கலாம்.

ஏயூஆர் பற்றி எச்சரிக்கை ஒன்று. அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் இல்லாதவற்றைப் பயனர்களே போட்டுவைக்கும் இடம் அது. கடல் மாதிரி கிடைக்கும், ஆனால் கடலில் எல்லாம் மீனாக இருக்காது. 2025 ஜூலையில் பிரபல பிரவுசர்களின் பெயரை ஒட்டி வைத்த சில தொகுப்புகளில், கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் தீம்பொருள் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. எதை எடுத்தாலும் அதன் பிகேஜிபில்ட் கோப்பை (எப்படி நிறுவவேண்டும் என்ற செய்முறைக் கோப்பை) திறந்து, எங்கிருந்து என்ன இறக்குகிறது என்று படியுங்கள். படிக்கத் தெரியாத வரை ஏயூஆர் பக்கம் போகாமல் இருப்பதே உத்தமம்.

தம்பி போன வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தான். எஸ்எஸ்டி யோசனையைக் கேட்கவில்லை, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போட்டான். சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

"அண்ணா, வைஃபை வந்துடுச்சு. தமிழும் வந்துடுச்சு. ஆனா விண்டோஸுக்குள்ள போனா மணி தப்பா காட்டுது."

"எவ்வளவு தப்பு? அஞ்சரை மணி நேரம் கம்மியா இருக்கா?"

"எப்டிண்ணா கரெக்டா சொல்றீங்க?"

மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், நாம் ஆசியா/கொல்கத்தா என்று சொல்லியிருப்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். விண்டோஸோ அதே கடிகாரத்தில் இருப்பதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற மதிப்பை ஒன்று என்று வைத்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். அவனை அதைச் செய்யச் சொன்னேன். நோட்டில் முப்பத்தொன்பதாவது வரியாக எழுதிக்கொண்டான்.